சாவடியில் நின்ற தன்னார்வலர்கள்: ராயல் அப்சர்வர் கார்ப்ஸ் உருவானதும் கலைக்கப்பட்டதும்

1917 ஜூன் 13, பட்டப்பகல். ஜெர்மனியின் கோதா ரக குண்டுவீச்சு விமானங்கள் லண்டனுக்கு மேலே வந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போயின. 162 பேர் இறந்தார்கள். பாப்லர் பகுதியில் ஒரு பள்ளியின் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்த ஒரே குண்டில் 18 குழந்தைகள் போய்விட்டார்கள். பெரும்பாலோருக்கு ஐந்து வயதுதான். பிரிட்டனிடம் அப்போது போர் விமானமோ பீரங்கியோ இல்லாமல் இல்லை. எதிரி இந்த நிமிடம் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் போகிறான் என்று உரியவருக்கு உரிய நேரத்தில் சொல்ல ஏற்பாடு இல்லை. விமானி மேலே ஏறி வருவதற்குள் வந்தவன் போய்விட்டிருப்பான்.

அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்த அமைப்புதான் பின்னாளில் ராயல் அப்சர்வர் கார்ப்ஸ், அதாவது அரச கண்காணிப்புப் படை, என்று பெயர் பெற்றது. 1925-இல் தொடங்கி 1995 டிசம்பர் 31 வரை, ஏறத்தாழ 70 ஆண்டுகள் அது இருந்தது. அதில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுநேரப் படைவீரர்கள் அல்லர். கடைக்காரர்கள், விவசாயிகள், ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். கிராமத்து மேட்டில் நிற்கும் ஒருவர் தொலைபேசியில் சொல்லும் ஒற்றை வரியை நம்பி ஒரு நாட்டின் விமானப்படை நகர்ந்தது. அந்த நம்பிக்கை எப்படி உருவாயிற்று, எங்கே பலித்தது, எங்கே தவறியது, கடைசியில் அமைப்பு ஏன் கலைந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஆஷ்மோர் போட்ட அடித்தளம்

1917-இல் லண்டனின் வான் பாதுகாப்பை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மேஜர் ஜெனரல் எட்வர்ட் ஆஷ்மோரிடம் தரப்பட்டது. அவர் பீரங்கிப் படைக்காரர். விமானம் ஓட்டவும் கற்றவர். அதனால் தரையிலிருந்து சுடுகிறவனுக்கும் வானில் பறக்கிறவனுக்கும் எந்தத் தகவல், எவ்வளவு சீக்கிரம் தேவை என்று இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். பீரங்கித் தளங்கள், தேடுவிளக்குத் தளங்கள், கண்காணிப்பு இடங்கள் எல்லாவற்றையும் தொலைபேசிக் கம்பியால் ஒரே அறைக்கு இணைத்தார். அந்த அறையில் பெரிய வரைபட மேசை. வரும் செய்திக்கு ஏற்ப அதன் மேல் விமானங்களைக் குறிக்கும் வில்லைகள் நகரும். மேலே இருந்து பார்க்கும் அதிகாரிக்கு வானம் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். 1940-இல் உலகம் வியந்து பார்த்த பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அறைகளின் முன்மாதிரி இதுதான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் இந்த ஏற்பாடு கலைந்துபோயிற்று. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதன் தேவையை உணர்ந்தபோது ஆஷ்மோரையே கூப்பிட்டார்கள். 1924-இல் கென்ட் மாவட்டத்தின் கிராமப்புறத்தில் ஒன்பது கண்காணிப்புச் சாவடிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கிரான்புரூக் என்ற சிற்றூர்தான் மையம். விமானப்படை விமானம் ஒன்றைப் பகலிலும் இரவிலும் பறக்கவிட்டு, ஊர்க்காரர்களால் அதைத் தொடர முடிகிறதா என்று பார்த்தார்கள். முடிந்தது. மறு ஆண்டு மெய்ட்ஸ்டன், ஹோர்ஷம் ஆகிய ஊர்களை மையமாகக் கொண்டு இரண்டு குழுக்கள் உருவாயின. 1925 அக்டோபரில் அப்சர்வர் கார்ப்ஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது.

ஆள் சேர்த்த விதத்தில்தான் இதன் பிற்கால பலம் அடங்கியிருந்தது என்று நான் நினைக்கிறேன். படைமுகாமிலிருந்து சிப்பாய்களை அனுப்பவில்லை. மாவட்டக் காவல்துறைத் தலைவர் மூலமாக அந்தந்த ஊர்க்காரர்களையே சிறப்புக் காவலர்களாகச் சேர்த்தார்கள். சீருடை கிடையாது, கையில் ஒரு பட்டை, சட்டையில் ஒரு பேட்ஜ், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரின் மேடு பள்ளம், எந்தத் தோப்புக்குப் பின்னால் எந்தச் சாலை, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தச் சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம் ஊரில் தினைக்கொல்லைக்குப் பரண் கட்டிக் காவல் இருப்பவனுக்கு இருட்டில் சலசலக்கும் சத்தத்தை வைத்தே பன்றியா, ஆளா என்று தெரிவது மாதிரி. வெளியூரிலிருந்து வந்த வீரனுக்கு அந்த அறிவு வர ஆண்டுகள் ஆகும்.

1929 ஜனவரி 1 அன்று பொறுப்பு விமானப்படை அமைச்சகத்துக்கு மாறியது. ஏர் கமடோர் மாஸ்டர்மன் முதல் தலைவரானார். தலைமைதான் மாறியது, சாவடியில் நின்றவர்கள் அதே ஊர்க்காரர்கள்தான்.

ஒரு சாவடிக்குள்

சாவடி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் வானம் தெரியும் ஒரு மேடு, இடுப்பளவு மறைப்பு, நடுவில் ஒரு கருவி, ஒரு தொலைபேசி. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கருவியைப் பிடித்து விமானத்தைத் தொடர்வார். மற்றவர் தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு மையத்துக்குச் சொல்வார். அடுத்தடுத்த இரண்டு மூன்று சாவடிகள் ஒரே கம்பியில் இணைந்திருக்கும். அதனால் பக்கத்துச் சாவடி சொல்வது இவருக்கும் கேட்கும். 'உன் பக்கம் வருகிறது, பார்த்துக்கொள்' என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

கருவி எளிமையானது. வட்ட மேசையில் கட்டம் போட்ட உள்ளூர் வரைபடம். அதன் மேல் விமானத்தைக் குறிபார்க்கும் ஒரு சட்டம். சட்டத்தோடு இணைந்த முள் வரைபடத்தில் ஒரு கட்டத்தைத் தொடும். விமானம் அந்தக் கட்டத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று பொருள். ஆனால் இதற்கு முதலில் விமானத்தின் உயரத்தைக் கணித்துக் கருவியில் வைக்க வேண்டும். பெரிய சிக்கல் இங்கேதான். விமானம் 45 பாகைக் கோணத்தில் தெரிகிறது என்று வையுங்கள். உயரம் 10,000 அடி என்று கணித்தால், விமானம் சாவடியிலிருந்து 10,000 அடி தள்ளி இருப்பதாக முள் காட்டும். உண்மையில் அது 8,000 அடியில்தான் பறக்கிறது என்றால் தூரமும் 8,000 அடிதான். உயரத்தில் செய்த பிழை அப்படியே இடத்திலும் ஏறிவிடும்.

இதற்கு வழி கண்டவர் மிக்கில்த்வெய்ட் என்ற கண்காணிப்பாளர், அதாவது அந்தப் படையிலேயே இருந்த ஒருவர். பக்கத்துச் சாவடியும் அதே விமானத்தைக் குறித்தால், இரண்டு திசைக்கோடுகளும் வெட்டும் இடம் சரியான இடம். அந்த இடத்தை வைத்து உண்மையான உயரத்தைத் திருப்பிக் கணக்கிட்டுவிடலாம். இதைக் கையால் சட்டென்று செய்யும் ஒரு துணைக்கருவியை அவர் வடிவமைத்தார். அது எல்லாச் சாவடிகளுக்கும் போயிற்று. வேலை செய்கிறவனே தன் கருவியைத் திருத்திக்கொண்ட இந்த வழக்கம் இந்தப் படையின் கதையில் திரும்பத் திரும்ப வருகிறது.

மேகம் மூடினால் காதுதான் கருவி. ஆனால் ஒலி மெதுவாக வரும். 8 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் காதுக்கு வர ஏறக்குறைய 23 விநாடி ஆகும். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் இரண்டரைக் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு தடத்தைப் பிடித்துத் தருவது அனுபவத்தால் மட்டுமே வரும் கலை. மேகமூட்ட நாட்களில் தடங்கள் பிசகின, எண்ணிக்கையும் தவறின. அதைக் குறையாகச் சொன்ன அதிகாரிகள் உண்டு. ஆனால் அன்றைக்கு நிலப்பரப்புக்கு மேல் அதைவிட நல்ல வழி வேறு எதுவும் கிடையாது.

மையத்தில் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சாவடித் தொகுதியின் கம்பியைக் கேட்டபடி வில்லைகளை வைப்பார்கள். சுவரில் இருக்கும் கடிகாரத்தின் முகம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ அந்த நிற வில்லையைத்தான் வைக்க வேண்டும். அதனால் மேசையைப் பார்த்த நொடியிலேயே எது புதுச் செய்தி, எது பழசு என்று தெரிந்துவிடும். பழைய நிறத்தை எடுத்துவிடுவார்கள். கணினி இல்லாத காலத்தில் தகவலின் வயதைக் கண்ணுக்குக் காட்டிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மேடையில் நிற்பவர் மேசையைப் பார்த்து, போர் விமானத் தளங்களுக்குத் தடத்தை வாசித்துக்கொண்டே இருப்பார்.

1940: கரையைத் தாண்டிய பிறகு

1939 ஆகஸ்ட் 24 அன்று படை பணிக்கு அழைக்கப்பட்டது. அன்று ஏறிய காவல் 1945 மே 12 வரை இரவு பகலாக ஒரு நிமிடம் நிற்காமல் தொடர்ந்தது.

பிரிட்டன் மீதான வான் போரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரேடாரைச் சொல்வார்கள். அது நியாயமே. ஆனால் கரையோர ரேடார் கோபுரங்கள் கடலை நோக்கியே நின்றன. எதிரி கரையைத் தாண்டி உள்ளே வந்த நொடியில் அவற்றின் வேலை முடிந்தது. அதற்கு மேல் லண்டன் வரை, மிட்லண்ட்ஸ் வரை, எதிரி எங்கே திரும்புகிறான் என்பதைச் சொன்னவர்கள் ஏறத்தாழ 1,000 சாவடிகளில் முறைவைத்து நின்ற சுமார் 30,000 கண்காணிப்பாளர்கள். போர் விமானப்படைத் தலைவர் டவுடிங் பின்னாளில் தம் அறிக்கையில் இதைத் தெளிவாகவே எழுதினார்: எதிரி கரையைக் கடந்த பின் அவனைத் தொடர இருந்த ஒரே வழி இவர்கள்தான், இவர்கள் இல்லாமல் வான் தாக்குதல் எச்சரிக்கை இயங்கியிருக்காது.

1940 ஆகஸ்ட் 18 இதற்கு நல்ல சான்று. அன்று கென்லி விமானத் தளத்தை அழிக்க ஜெர்மானியர் ஒரு தந்திரம் செய்தார்கள். உயரத்தில் பெரிய அணிகள் வரும்; ரேடார் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்பது டோர்னியர் ரகக் குண்டுவீச்சு விமானங்கள் கடல் அலையை ஒட்டி, ரேடார் கண்ணுக்குக் கீழே நுழையும். நுழைந்தன. ஆனால் அவை கரையைத் தாண்டிய பீச்சி ஹெட் முனையிலேயே அப்சர்வர் கார்ப்ஸ் சாவடி ஒன்று இருந்தது. அங்கிருந்தவர்கள் கண்டதும் செய்தி போய்விட்டது. பிறகு வழியில் இருந்த சாவடிகள் ஒவ்வொன்றாக அவற்றைக் கை மாற்றிக் கொடுத்தன.

கென்லி தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. விமானக் கொட்டகைகள் எரிந்தன, தளத்தின் கட்டுப்பாட்டு அறையையே பக்கத்து ஊரில் ஒரு கசாப்புக் கடைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் தளத்தின் விமானங்கள் ஏற்கெனவே வானில் இருந்தன. தாழ்வாக வந்தவற்றைத் தரைப் பீரங்கிகள் தயாராக எதிர்கொண்டன. சில நிமிட முன்னெச்சரிக்கையால் ஒரு தளம் சேதத்திலிருந்து முழுதாகத் தப்பாது. ஆனால் அதன் விமானங்கள் ஓடுபாதையிலேயே எரிந்துபோகாமல் மிஞ்சும். அன்று நடந்தது அதுதான்.

1941 ஏப்ரலில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இந்தப் படைக்கு 'ராயல்' என்ற பட்டம் கொடுத்தார். அதே ஆண்டு பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

நம்பாமல் போன ஓர் இரவு

1941 மே 10 இரவு, ஸ்காட்லாந்து நோக்கி ஒற்றை விமானம் ஒன்று வேகமாக வந்தது. நார்தம்பர்லண்ட் பகுதிக் கண்காணிப்பாளர்கள் அதை மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற ஜெர்மன் போர் விமானம் என்று அறிவித்தார்கள். விமானப்படைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் தர்க்கத்துக்குப் பொருந்தியதுதான்: அந்த ரக விமானத்துக்கு அங்கே வந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பிப் போக எரிபொருள் போதாது. ஆகவே அது வேறு ஏதோ விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள்.

சாவடிக்காரர்கள் சொன்னதே சரி. ஓட்டி வந்தவர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வரவே இல்லை. அவர் ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ். கிளாஸ்கோவுக்குத் தெற்கே பாராசூட்டில் குதித்து, ஆல்ஃபிரட் ஹார்ன் என்று பெயர் சொன்னார். கிளாஸ்கோ குழுவின் அதிகாரி மேஜர் கிரகாம் டொனால்ட் நேரில் போய் நொறுங்கிக் கிடந்த விமானத்தைப் பார்த்து, 110-தான் என்று உறுதி செய்தார். பிடிபட்டவரைப் பார்த்ததும் இவர் ஹெஸ் என்று அடையாளம் சொன்னவரும் அவர்தான்.

இந்தச் சம்பவம் வெறும் சுவாரசியக் கதையாகவே சொல்லப்படுகிறது. எனக்கு இது இந்தப் படையின் வரலாற்றில் மிக முக்கியமான பாடமாகப் படுகிறது. கண்டவன் சொன்ன செய்தியை, இப்படி நடக்க வாய்ப்பில்லை என்ற ஊகம் அடித்துவிட்டது. எதிரி இப்படித்தான் நினைப்பான் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் கண்காணிப்புக்குப் பயன் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரின் தொடக்கத்தில் விமானத்தின் ரகத்தை அடையாளம் சொல்வது இவர்களின் கடமையாகவே இல்லை. எத்தனை, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்பது மட்டும் போதும் என்று இருந்தது. கில்ட்ஃபர்டில் சில கண்காணிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு மன்றம் தொடங்கி, நிழலுருவப் படங்களை வைத்து ஒருவரை ஒருவர் சோதித்துப் பழகினார்கள். அது ஊர் ஊராகப் பரவிற்று. பின்னால் தலைமையே அதை ஏற்றுத் தேர்வுகள் வைத்தது. உயர்நிலைத் தேர்வில் தேறியவர்கள் சட்டைக் கையில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானச் சின்னம் அணிந்துகொண்டார்கள்.

கூடவே வேறு வேலைகளும் சேர்ந்தன. வழி தவறி மலையில் மோதப் போகும் சொந்த நாட்டு விமானத்துக்குச் சிவப்புத் தீப்பந்தம் கொளுத்தி எச்சரிப்பது ஒன்று. தாழப் பறந்து வரும் எதிரியைக் கண்டால் உடனே வாணம் விட்டு மேலே சுற்றும் போர் விமானத்துக்குக் காட்டுவது இன்னொன்று. இரண்டிலும் தொலைபேசி வழியாகச் சுற்றிவரும் நேரம் மிச்சம்.

கப்பல் ஏறியவர்கள்

1944-இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கத் திட்டமிட்டபோது ஒரு பழைய பிரச்சினை முன்னுக்கு வந்தது. கப்பல் பீரங்கிக்காரர்கள் தலைக்கு மேல் பறக்கும் எதையும் சுடுவார்கள். சொந்த விமானத்தையும் சுடுவார்கள். முன்னர் நடந்த தரையிறக்கங்களில் அப்படிப் பலர் செத்திருந்தார்கள். விமானத்தைக் கண்டதும் ரகத்தைச் சொல்லும் ஆள் கப்பலில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நாட்டில் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டிய தேவையே இல்லை.

தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவித்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். போர்ன்மத்தில் பயிற்சியும் தேர்வும் முடிந்து 796 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதின்ம வயதுப் பையன்களும் இருந்தார்கள், எழுபதை நெருங்கிய தாத்தாக்களும் இருந்தார்கள். கடற்படையின் பெட்டி ஆபீசர் என்ற தற்காலிகப் பதவி கொடுத்து, கப்பலுக்கு இரண்டு பேர் வீதம் ஏற்றினார்கள். சட்டைத் தோளில் 'சீபோர்ன்' (கடல்வழி வந்தவர்) என்ற பட்டை.

பலன் உடனே தெரிந்தது. ஸ்பிட்ஃபயர் பிரிவுகளின் விமானிகள், இவர்கள் ஏறியிருந்த வணிகக் கப்பல்களிலிருந்து தங்கள் மேல் சூடு வருவது நின்றுபோனதைத் தெரிவித்தார்கள். குறை சொல்ல வேண்டியிருந்தது போர்க்கப்பல்களைப் பற்றித்தான். இரண்டு கண்காணிப்பாளர்கள் இந்தப் பணியில் உயிரிழந்தார்கள். இன்னும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பினார்கள். அந்தத் தோள்பட்டையைத் தங்கள் சீருடையில் நிரந்தரமாக அணிந்துகொள்ள மன்னர் அனுமதித்தார். ஊர் மேட்டில் நின்று பழகிய கண் போர்முனையில் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று கணக்கெடுக்க வழியில்லை. ஆனால் இந்தப் படையின் 70 ஆண்டு வாழ்வில் எனக்கு மிகப் பெருமையாகத் தோன்றும் அத்தியாயம் இதுதான்.

அந்தத் தரையிறக்கம் நடந்த ஒரே வாரத்தில், ஜூன் 13 விடியற்காலை, கென்ட் கரையில் டிம்சர்ச் ஊரின் பழைய மார்ட்டெல்லோ கோபுரத்து உச்சியில் காவல் நின்ற இரண்டு கண்காணிப்பாளர்கள் வாலில் நெருப்பு எரிய ஒரு பொருள் விரைந்து வருவதைக் கண்டார்கள். ஆளில்லாத வி-1 பறக்கும் குண்டு அது. அதற்கு முன் பிரிட்டன் வானில் யாரும் அதைக் கண்டதில்லை. உடனே மெய்ட்ஸ்டன் மையத்துக்கு அதற்கென வைத்திருந்த 'டைவர்' என்ற சங்கேதச் சொல் போயிற்று. சில நிமிடங்களில் அந்தக் குண்டு கிரேவ்ஸெண்டுக்குப் பக்கத்தில் ஸ்வான்ஸ்கோம்பில் விழுந்தது.

மண்ணுக்கு அடியில்

1945 மே மாதம் காவல் இறங்கியது. 1947 ஜனவரியில் படை மறுபடியும் எழுந்தது. ஆனால் வானம் மாறிவிட்டது. ஜெட் விமானம் கண்ணில் பட்டு, கருவியைத் திருப்பிக் குறிபார்ப்பதற்குள் அடுத்த சாவடியைத் தாண்டியிருக்கும். ரேடாரும் உள்நாட்டுப் பரப்பைப் பார்க்கப் பழகிவிட்டது. அமைப்பு அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, காரணம் அணுகுண்டு.

குண்டு விழுந்தால் எங்கே விழுந்தது, எவ்வளவு பெரியது, அதன் கதிர்வீச்சுத் தூசி காற்றில் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல நாடு முழுவதும் பரவிய, ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. அந்த வலைப்பின்னல் இவர்களிடம் தயாராக இருந்தது. 1955-இல் அந்தப் பணி இவர்களுக்கு வந்தது. அடுத்த ஆண்டுகளில் நாடெங்கும் 1,563 நிலத்தடிச் சாவடிகள் கட்டப்பட்டன. சுமார் 4.5 மீட்டர் ஆழத்துக்கு இரும்பு ஏணியில் இறங்கினால் ஒரு சின்ன கான்கிரீட் அறை: கட்டில், மேசை, பேட்டரி விளக்கு, ரசாயனக் கழிப்பறை. மூன்று பேர்.

மூன்று கருவிகள் முக்கியமானவை. முதலாவது வெடிப்பின் அழுத்தத்தைக் காட்டும் முள். இரண்டாவது தரைக்கு மேலே இருக்கும் ஒரு வெள்ளை உருளை. நாலு திசைக்கும் ஊசித்துளை, உள்ளே ஒளியுணர் தாள். வெடிப்பின் ஒளி தாளில் ஒரு புள்ளியாகப் பதியும். அதிலிருந்து திசையும் உயரமும் தெரியும். இரண்டு சாவடிகளின் தாளைச் சேர்த்தால் குண்டு வெடித்த இடம் கிடைத்துவிடும். மூன்றாவது கதிர்வீச்சு அளவி. குண்டு வெடித்த ஒரு நிமிடத்தில் மூவரில் ஒருவர் ஏணி ஏறி வெளியே போய் அந்தத் தாளை மாற்றிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்கு வாரம்தோறும் மாலையில் தன்னார்வமாக வந்து பயிற்சி எடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். தாங்கள் என்ன செய்ய ஒப்புக்கொண்டோம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

1965-இல் விமானங்களைக் காணும் பழைய கடமை முழுதாக நீங்கியது. ஆனாலும் ஆஷ்மோரின் சட்டகம் அப்படியே இருந்ததைக் கவனியுங்கள்: ஊர்க்காரர்கள், தொகுதியாக இணைந்த சாவடிகள், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் உண்மை, மையத்தில் ஒரு வரைபடம். பார்க்கும் பொருள் மட்டும் விமானத்திலிருந்து வெடிப்புக்கு மாறியிருந்தது. இவ்வளவு காலம் இந்தப் படை பிழைத்ததற்கு நான் காணும் விளக்கம் இதுதான். அது எந்த ஒரு கருவியோடும் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை.

இழந்தது ஒன்று உண்டு. கண்ணும் காதும் வைத்துத் தானே தீர்மானித்தவர், இப்போது முள் காட்டும் எண்ணைப் படித்துச் சொல்பவர் ஆனார். எண்ணைப் படிக்க ஓர் இயந்திரத்தையும் வைக்கலாம். முடிவுக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது.

கலைப்பு

1968-இல் செலவைக் குறைக்க அரசு, போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்க வைத்திருந்த சிவில் டிஃபென்ஸ் கார்ப்ஸைக் கலைத்தது. அதே வீச்சில் இவர்களின் சாவடிகளிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை மூடப்பட்டன. 870 போல மிஞ்சின. அப்போது வெளியேறியவர்கள் ஆயிரக்கணக்கில். மிஞ்சியவர்கள் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள்.

1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்து, அதன் தூசி மழையோடு வடக்கு வேல்ஸ், கம்ப்ரியா, ஸ்காட்லாந்து மலைகளில் இறங்கியது. ஆடுகளை விற்பதற்குப் போட்ட கட்டுப்பாடு சில பண்ணைகளில் 2012 வரை நீடித்தது. நாடு முழுக்கக் கதிர்வீச்சை அளக்கப் பயிற்சி பெற்ற படை ஒன்று இருந்தும் இந்தத் தூசியை அதனால் அளக்க முடியாது. சாவடிகளின் அளவி போர்க்கால அளவுகளுக்காகச் செய்யப்பட்டது. செர்னோபில் தூசி பிரிட்டனில் தந்த அளவு அந்த அளவி படிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கும் வெகு கீழே. அரசு இதற்குப் பதிலாகத் தானியங்கி நிலையங்களைக் கொண்ட ரிம்நெட் என்ற தனி வலையமைப்பை உருவாக்கியது. ஆட்களின் கையில் நுண்ணிய கருவியைக் கொடுத்து இருக்கும் வலையைப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து. அந்த வழியில் போயிருந்தால் 1991-இல் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

1991 ஜூலை 10 அன்று உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: பனிப்போர் அபாயம் நீங்கிவிட்டது, செப்டம்பர் 30-உடன் படை நிறுத்தப்படும். ஏறத்தாழ 10,500 தன்னார்வலர்களுக்கு மூன்று மாதம்கூட முழுதாகத் தரப்படவில்லை. அறிவிப்பு வந்து பதினைந்து நாள் கழித்து, ஜூலை 25 அன்று, படையின் கௌரவத் தலைவரான எலிசபெத் ராணி, படையின் தலைமையகம் இருந்த பெண்ட்லி பிரயரியில் அவர்களுக்குப் புதிய கொடி வழங்கினார். 'ராயல்' பட்டத்தின் பொன்விழாவுக்கென்று ஏற்கெனவே குறித்திருந்த நிகழ்ச்சி அது. வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டவர்கள் அந்தக் கொடிக்கு அணிவகுத்து நின்றார்கள்.

முடிவின் காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சோவியத் அணியின் ராணுவக் கூட்டான வார்சா ஒப்பந்தம் அந்த ஜூலை மாதமே அதிகாரபூர்வமாகக் கலைந்துவிட்டது. கிழக்கே இருந்த எதிரிப் படைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. ஆனால் முடிவை நடத்திய விதத்தை ஏற்க முடியாது. சம்பளத்துக்காக வேலை செய்தவனுக்கு நோட்டீஸ் காலமும் ஈட்டுத்தொகையும் உண்டு. பன்னிரண்டு ஆண்டு சேவைக்கு ஒரு பதக்கம் மட்டுமே பெற்று, இருபது முப்பது ஆண்டு மாலைகளைக் கொடுத்தவர்களுக்குக் கலந்துபேசும் மரியாதையையாவது தந்திருக்க வேண்டும். வெள்ளம், தொழிற்சாலை விபத்து, கதிர்வீச்சுக் கசிவு என்று வேறு பணிகளுக்கு இவர்களைத் திருப்ப முடியுமா என்று நிதானமாக ஆராய ஓர் ஆண்டு கொடுத்திருந்தால் நாட்டுக்கு நட்டம் எதுவும் வந்திருக்காது. மூன்று தலைமுறையாகச் சேர்த்த வலையை மறுபடி கட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்பது 1917-க்கும் 1924-க்கும் இடையே பிரிட்டன் பட்ட அனுபவத்திலேயே இருக்கிறது.

ஆயுதப் படைகளின் தலைமையகங்களில் அணு அறிவிப்புப் பிரிவுகளாக இயங்கிய முந்நூறுக்குக் குறைவானவர்கள் மட்டும் இன்னும் நாலு ஆண்டு தொடர்ந்தார்கள். 1995 டிசம்பர் 8 அன்று கொடி கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் ஒப்படைக்கப்பட்டது. மாத இறுதியோடு அந்தப் பிரிவுகளும் நின்றன. நிலத்தடிச் சாவடிகள் பெரும்பாலும் நில உரிமையாளர்களிடம் திரும்பிப் போயின. பலவற்றில் தண்ணீர் புகுந்துவிட்டது, சிலவற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள், கொஞ்சத்தை ஆர்வலர்கள் சொந்தச் செலவில் பழையபடி சீரமைத்திருக்கிறார்கள். யார்க் நகரில் 1961 முதல் 1991 வரை இயங்கிய 20-ஆம் குழுவின் தலைமையகம் 2006 முதல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் பராமரிப்பில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. வரைபடம், தொலைபேசிகள், கட்டில்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. யார்க் போகிறவர்கள் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு ஊர் எல்லையில் இருக்கும் இந்த இடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.